பெருந்தொற்றுக் காலத்தில் கட்டடங்களுக்குள் முகக்கவசம்: வாசலோடு திரும்பாமல் இருப்பதற்கான வழிகாட்டி

பெருந்தொற்றின் முதல் ஆண்டில், மூன்று வாரம் காத்திருந்து பெற்ற ஸ்கேன் பரிசோதனைக்கு என் தந்தையை அழைத்துச் சென்றபோது, கட்டட வாசலிலேயே எங்களை நிறுத்திவிட்டார்கள். இருவரும் முகக்கவசம் அணிந்துதான் இருந்தோம். கிடைத்தவற்றில் விலை கூடியதாகப் பார்த்து, முன்பக்கம் வட்டமான பிளாஸ்டிக் வால்வு வைத்த முகக்கவசத்தை அவருக்காகத் தேடி வாங்கியிருந்தேன். அந்த வால்வு இருப்பதாலேயே உள்ளே விட முடியாது என்று காவலர் மிகப் பணிவாகச் சொன்னார். வேறொன்று வாங்கி வருவதற்குள் எங்கள் முறை கடந்துவிட்டது. பரிசோதனைக்கு வேறொரு நாள் கிடைக்க மேலும் பல வாரங்கள் ஆயின.

அதன் பிறகு விதிகளை உட்கார்ந்து படித்தேன், பெட்டிகளின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொண்டேன், மருத்துவரிடம் எந்தக் கடிதத்தை எப்படிக் கேட்பது என்பதையும் இரண்டு தவறுகளுக்குப் பிறகு தெரிந்துகொண்டேன். புதிதாக இந்த விதிகளை எதிர்கொள்பவர்களும், வயதானவர்களையோ குழந்தைகளையோ அழைத்துக்கொண்டு வெளியே செல்ல வேண்டியவர்களும் அதே அலைச்சலைப் படக் கூடாது என்பதற்காக, நான் இப்போது பின்பற்றும் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். பெரும்பாலான எடுத்துக்காட்டுகள் கோவிட்-19 காலத்தவை. சுவாசத்தின் வழியே பரவும் எந்தத் தொற்றுக்கும் இதே வரிசை உதவும்.

1. உங்களைக் கட்டுப்படுத்தும் விதி எது என்று முதலில் பாருங்கள்

ஒரு கட்டடத்துக்குள் நுழையும்போது பெரும்பாலும் மூன்று விதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக உங்கள்மீது செயல்படுகின்றன. முதலாவது அரசின் ஆணை. அடுத்தது அந்த நிறுவனம் தன் வளாகத்துக்கென வகுத்த விதி. மூன்றாவது, நீங்கள் போகும் குறிப்பிட்ட அறைக்கோ பிரிவுக்கோ உரியது. இவற்றில் எது கடுமையானதோ அதுவே உங்களுக்குப் பொருந்தும். அரசு ஆணை துணி முகக்கவசத்தை அனுமதிக்கலாம். மருத்துவமனை சர்ஜிக்கல் முகக்கவசம் கேட்கலாம். அதே மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவு, முகத்தோடு ஒட்டி அமர்ந்து நுண்துகள்களை வடிகட்டும் என்95 வகையைக் கேட்கலாம். முதல் விதியை மட்டும் படித்துவிட்டுக் கிளம்புபவர் மூன்றாவது கதவில் நிற்க நேரிடும்.

அரசு ஆணையைப் படிக்கும்போது ஆறு விவரங்களைத் தேடிப் பாருங்கள்: நடைமுறைக்கு வரும் நாளும் நேரமும், முடியும் நாள், எந்த வகை முகக்கவசம், எந்த வயதுக்கு மேல், யாருக்கு விலக்கு, மீறினால் என்ன தண்டம். ஆணை வெளியான நாளும் அது நடைமுறைக்கு வரும் நாளும் பெரும்பாலும் வேறு வேறு என்பதால், செய்தியில் கேட்ட நாளை நம்பாமல் ஆணையின் மூலத்தையே பார்ப்பது நல்லது. ‘கட்டாயம்’ என்பதற்கும் ‘அறிவுறுத்தப்படுகிறது’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் கவனியுங்கள். முதலாவதை மீறினால் அபராதம் வரலாம், இரண்டாவதில் அது இல்லை. ஆனாலும் ‘அறிவுறுத்தப்படுகிறது’ என்று அரசு சொன்ன இடத்தில் நிறுவனம் கட்டாயமாக்கியிருந்தால், அவர்கள் உங்களை உள்ளே விடாமல் இருக்கலாம்.

விதி எவ்வளவு வேகமாக மாறும் என்பதற்கு இங்கிலாந்தைச் சொல்லலாம். அங்கே கடைகளில் முகக்கவசம் 2020 ஜூலை 24 அன்று கட்டாயமானது; 2021 ஜூலை 19 அன்று அந்தக் கட்டாயம் நீங்கியது; அதே ஆண்டு நவம்பர் 30 அன்று திரும்பவும் வந்து, 2022 ஜனவரி 27 அன்று மீண்டும் நீங்கியது. அணிய வேண்டிய வகையும் இடையில் மாறிவிடும். ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் 2021 ஜனவரி 18 முதல் கடைகளிலும் பொதுப் போக்குவரத்திலும் என்95 போன்ற ஐரோப்பிய வகையான எஃப்எஃப்பி2 வேண்டும் என்றானது. அதற்கு முன்தினம் வரை துணி முகக்கவசத்தோடு பேருந்து ஏறியவர் மறுநாள் ஏற முடியவில்லை. எனவே பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு ஒருமுறையும், கிளம்பும் காலையில் ஒருமுறையும் விதியைப் பாருங்கள். நிறுவனத்தின் விதி இணையத்தில் இல்லையென்றால் தொலைபேசியில் கேளுங்கள். ‘முகக்கவசம் வேண்டுமா’ என்று பொதுவாகக் கேட்டால் ‘ஆமாம்’ என்ற பதில்தான் வரும். ‘எந்த வகை, வால்வு வைத்தது ஆகுமா, உடன் வருபவருக்கும் அதே விதியா’ என்று மூன்று கேள்வியாகக் கேளுங்கள்.

‘உள்ளிடம்’ என்பதன் பொருளையும் ஆணையிலேயே தேடுங்கள். லிஃப்ட், மாடிப்படி, நடைபாதை, கழிப்பறை, வாடகைக் கார் ஆகியவையும் பல ஆணைகளில் உள்ளிடத்தில் சேரும். அறைக்குள் அணிந்தால் போதும் என்று நினைத்து லிஃப்டில் கழற்றுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஆறு பேர் நெருங்கி நிற்கும் லிஃப்ட், அந்தக் கட்டடத்திலேயே காற்று குறைந்த இடங்களில் ஒன்று.

2. வகையைப் புரிந்துகொண்டு வாங்குங்கள்

அதிகப் பணம் வீணாவது இந்தப் படியில்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

துணி முகக்கவசம் என்றால் மூன்று அடுக்கு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூன் 5 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலில் சொன்னது. முகத்தைத் தொடும் உள்ளடுக்கு ஈரத்தை உறிஞ்சும் பருத்தி. நடுவில் வடிகட்டும் பாலிப்ரோப்பிலீன் போன்ற நெய்யாத துணி. வெளியே ஈரம் ஒட்டாத பாலியெஸ்டர் அல்லது அதன் கலவை. ஒற்றை அடுக்குத் துணியும், கழுத்தில் சுற்றிய துண்டை இழுத்து மூக்கை மூடுவதும் பல இடங்களில் முகக்கவசமாகவே கணக்கில் கொள்ளப்படுவதில்லை. முகத்தின் முன் தொங்கும் பிளாஸ்டிக் தடுப்பும் அப்படித்தான். அது கண்ணில் தெறிப்பதைத் தடுக்கும், ஆனால் பக்கங்களிலும் கீழேயும் காற்று தாராளமாகப் போய்வரும்.

சர்ஜிக்கல் முகக்கவசம் நீலமாகவோ பச்சையாகவோ இருப்பதால் மட்டும் அது மருத்துவத் தரம் ஆகிவிடாது. பெட்டியின் மேல் ஐரோப்பியத் தரம் என்றால் ‘இஎன் 14683’ என்ற எண்ணும் வகை 1, 2 அல்லது 2ஆர் என்பதும், அமெரிக்கத் தரம் என்றால் ‘ஏஎஸ்டிஎம் எஃப்2100’ என்பதும் நிலை 1, 2 அல்லது 3 என்பதும் அச்சிடப்பட்டிருக்கும். இவை எதுவும் இல்லாத பெட்டி, பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், வெறும் மடித்த துணியாக இருக்கலாம்.

அடுத்தது முகத்தோடு ஒட்டி அமரும் வடிகட்டி முகக்கவசங்கள். அமெரிக்காவின் என்95 குறைந்தது 95 விழுக்காட்டு நுண்துகள்களையும், ஐரோப்பாவின் எஃப்எஃப்பி2 குறைந்தது 94 விழுக்காட்டையும், சீனாவின் கேஎன்95 குறைந்தது 95 விழுக்காட்டையும், கொரியாவின் கேஎஃப்94 குறைந்தது 94 விழுக்காட்டையும் வடிகட்ட வேண்டும் என்பது அந்தந்த நாட்டின் தரவிதி. விதியில் ‘என்95 அல்லது அதற்கு இணையானது’ என்று இருந்தால் மற்றவற்றையும் ஏற்பார்கள். ‘என்95’ என்று மட்டும் இருந்தால் வாசலில் வாக்குவாதம் வரக்கூடும் என்பதால் முன்பே கேட்டுவிடுங்கள்.

போலிகளைக் கண்டுபிடிக்க எனக்கு உதவிய அடையாளங்கள் இவை. உண்மையான என்95 முகக்கவசத்தின் மேலேயே ‘நியோஷ்’ என்ற அமெரிக்க நிறுவனத்தின் பெயர் எழுத்துப்பிழை இல்லாமலும், ‘டிசி-84ஏ’ என்று தொடங்கும் அனுமதி எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். அதற்குத் தலையைச் சுற்றி வரும் இரண்டு பட்டைகள் இருக்கும். காதில் மாட்டும் வளையம் வைத்து என்95 என்று விற்றால் சந்தேகப்படுங்கள். குழந்தைகளுக்கான என்95 என்று யாராவது விற்றால் அது உறுதியாகத் தவறான தகவல், ஏனென்றால் நியோஷ் குழந்தைகளுக்கென எதையும் அங்கீகரிப்பதில்லை. எஃப்எஃப்பி2 என்றால் ‘சிஇ’ என்ற ஐரோப்பியத் தரக் குறியும் அதை ஒட்டி நான்கு இலக்க எண்ணும் வேண்டும். அந்த எண் சோதித்த அமைப்பைக் குறிக்கிறது. எண் இல்லாத சிஇ குறியை மட்டும் பார்த்து நான் ஒரு பெட்டி முழுவதையும் வாங்கிவிட்டு, திருப்பிக் கொடுக்கவும் முடியாமல் வைத்திருந்தேன். அதிலிருந்து முதலில் ஒன்றை மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டே பெட்டியாக வாங்குகிறேன்.

இனி அந்த வால்வு. வால்வு மூச்சை வெளியே விடும்போது மட்டும் திறக்கும், உள்ளிழுக்கும்போது மூடிக்கொள்ளும். அதனால் அணிந்தவருக்குப் பாதுகாப்பு குறையாது, ஆனால் அவர் விடும் மூச்சு வடிகட்டப்படாமல் எதிரில் இருப்பவர்மீது போகும். உள்ளிட விதிகளின் முதன்மையான நோக்கம், அறிகுறி இல்லாமலேயே தொற்றோடு இருக்கக்கூடிய ஒருவரிடமிருந்து மற்றவர்களைக் காப்பதுதான். இதனால் உலக சுகாதார நிறுவனமும் 2020 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் வால்வைப் பரிந்துரைக்கவில்லை. தூசிக்காக உருவான வால்வு முகக்கவசம் வீட்டில் இருந்தால் அதைத் தூசி வேலைக்கே வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் வாக்குவாதம் செய்து பயனில்லை. அந்தக் காவலர் சொன்னது சரியான காரணம்தான்.

3. கண்ணாடி முன் நின்று பொருத்திப் பாருங்கள்

வடிகட்டும் துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஓரத்தில் இடைவெளி இருந்தால் காற்று எளிதான வழியைத் தேர்ந்தெடுத்து அதன் வழியே போகும். என் தந்தையின் முகம் மெலிந்தது. அவருக்கு வாங்கிய சர்ஜிக்கல் முகக்கவசம் இரண்டு கன்னங்களிலும் விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்து நின்றது. மருத்துவமனையில் ஒரு செவிலியர்தான் எனக்கு அதைச் சரிசெய்யக் காட்டினார். முகக்கவசத்தை நீளவாக்கில் பாதியாக மடித்து, காது வளையம் துணியோடு சேரும் இடத்திலேயே ஒவ்வொரு பக்கமும் ஒரு முடிச்சுப் போட்டார். பிறகு விரித்து, முடிச்சுக்கு அருகே பிதுங்கிய ஓரத்தை உள்ளே மடித்துச் செருகினார். அரை நிமிட வேலை, பிளவு மூடிக்கொண்டது.

என்95 அல்லது எஃப்எஃப்பி2 அணியும் முறை இதுதான். கையைச் சுத்தம் செய்துகொண்டு, உலோகப் பட்டி மூக்கின் மேல் வரும்படி உள்ளங்கையில் ஏந்தி முகத்தில் வையுங்கள். மேல் பட்டை உச்சந்தலைக்குப் பின்னால் மேலாகவும், கீழ்ப் பட்டை காதுகளுக்குக் கீழே கழுத்தின் பின்புறமும் அமர வேண்டும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போகக் கூடாது. மூக்குப் பட்டியை ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூர்மையாக மடிந்து இரு பக்கமும் இடைவெளி விழும். இரண்டு கைகளின் விரல்நுனிகளாலும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்திக்கொண்டே வாருங்கள்.

பிறகு சோதனை. இரண்டு உள்ளங்கைகளாலும் முகக்கவசத்தை மூடிக்கொண்டு வேகமாக மூச்சை விடுங்கள். கண்ணிமையில் காற்றுப் பட்டால் மூக்குப் பட்டி சரியில்லை. கன்னத்தோரம் காற்று உணர்ந்தால் பட்டைகளை மேலும் பின்னுக்கு இழுக்க வேண்டும். மூக்குக் கண்ணாடி அணிபவர்களுக்குக் கண்ணாடியே சோதனைக் கருவி: அதில் ஆவி படிகிறது என்றால் மூக்கின் மேல் ஓட்டை இருக்கிறது. மூன்று முறை சரிசெய்தும் காற்று வெளியேறினால் அந்த அளவோ வடிவமோ உங்கள் முகத்துக்கு ஆகாது என்று வேறொன்றைத் தேடுங்கள். அடுத்தவருக்குச் சரியாக இருந்தது உங்களுக்கும் சரியாக இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

தாடி இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முகக்கவசத்தின் ஓரம் தோலில் பதிய வேண்டும்; அது முடியின் மேல் பதிந்தால் ஒவ்வொரு இழைக்கும் நடுவே காற்று போகும். சமய நம்பிக்கையால் மழிக்க இயலாதவர்கள் வேலையிடத்தில் என்95 கட்டாயம் என்றால், முகத்தோடு ஒட்டாமல் காற்றை ஊதித் தரும் தளர்வான தலைக்கவச வகை இருக்கிறது என்பதை நிர்வாகத்திடம் சொல்லிக் கேளுங்கள்.

வேலை காரணமாக இவ்வகையை அணிய வேண்டியவர்களுக்குத் தனியாக ஒரு பொருத்தச் சோதனை உண்டு. தலையை ஒரு கூடாரத்துக்குள் வைத்து, இனிப்பாகவோ கசப்பாகவோ இருக்கும் கரைசலைத் தெளிப்பார்கள். தலையை ஆட்டியும் பேசியும் குனிந்தும் பார்க்கச் சொல்வார்கள். நாக்கில் சுவை தெரிந்தால் பொருந்தவில்லை என்று பொருள். அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதிகளின்படி இதை ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும், செலவு வேலை தருபவருடையது. பிற நாடுகளில் இருப்பவர்களும் பணியில் சேரும்போதே இதைக் கேட்டு, எந்த மாதிரி, எந்த அளவில் தேறினீர்கள் என்ற சான்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

4. குழந்தைகளுக்கு எந்த வயதிலிருந்து என்பதை ஆணையில் பாருங்கள்

வயது வரம்பு ஒவ்வோர் இடத்திலும் மாறும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020 ஆகஸ்டில் சொன்னது: ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளைக் கட்டாயப்படுத்த வேண்டாம்; 6 முதல் 11 வயது வரை, அந்தப் பகுதியில் தொற்றின் வேகம், குழந்தைக்குச் சரியாக அணியத் தெரிகிறதா, அருகில் பெரியவர் இருக்கிறாரா என்பவற்றைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்; 12 வயதிலிருந்து பெரியவர்களுக்கு உள்ளதே. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமோ இரண்டு வயதிலிருந்தே அணியச் சொன்னது. பயணத்தில் விமானம் புறப்படும் நாடு, இறங்கும் நாடு, விமான நிறுவனம் ஆகிய மூன்றின் வரம்பையும் பார்த்து, மிகக் குறைந்த வயதை உங்கள் குழந்தைக்குரியதாக எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் வயதைக் காட்டும் ஆவணத்தின் நகல் ஒன்று கையில் இருக்கட்டும். உயரமாக வளர்ந்த ஐந்து வயதுக் குழந்தையை ஏழு வயது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு யார் சொன்னாலும் அணிவிக்காதீர்கள். மூச்சு முட்டினால் அதைத் தானே அகற்றத் தெரியாது.

5. விலக்கு வேண்டும் என்றால் ஆவணத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்

முகக்கவசத்தைத் தானே கழற்ற முடியாதவர்கள், மூச்சுவிடுவதில் கடுமையான சிரமம் உள்ளவர்கள், சில வகை மனநலச் சிக்கல்களோ உடல் அல்லது அறிவுசார் குறைபாடுகளோ உள்ளவர்கள் ஆகியோருக்குப் பல ஆணைகளில் விலக்கு உண்டு. ஆனால் அதை எப்படி நிரூபிப்பது என்பதில்தான் இடத்துக்கு இடம் வேறுபாடு. இங்கிலாந்தில் எழுத்துச் சான்று காட்டத் தேவையில்லை என்று அரசே சொல்லியிருந்தது. அமெரிக்காவில் விமானப் பயணத்துக்கோ, நிறுவனம் முன்கூட்டியே மருத்துவ ஆவணத்தையும் தொற்று இல்லை என்ற பரிசோதனை முடிவையும் கேட்க இடம் இருந்தது. வாய்மொழியாகச் சொன்னால் போதும் என்று ஓரிடத்தில் கற்றுக்கொண்டு வேறிடத்தில் அதையே நம்பிப் போகாதீர்கள்.

மருத்துவர் கடிதத்தில் நோயாளியின் பெயர், கடிதம் தந்த நாள், எந்த நாள் வரை செல்லும் என்பது, ‘மருத்துவக் காரணங்களால் முகக்கவசம் அணிய இயலாது’ என்ற வரி, மருத்துவரின் பதிவு எண், கையொப்பம், முத்திரை ஆகியவை இருக்க வேண்டும். நோயின் பெயரை எழுதத் தேவையில்லை. வாசலில் நிற்கும் அந்நியர் எவருக்கும் உங்கள் நோயைச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. நான் முதல்முறை வாங்கிய கடிதத்தில் நாள் இல்லை. இரண்டாவதில் நாள் இருந்தும் பதிவு எண் இல்லை. இரண்டும் திருப்பி அனுப்பப்பட்டன. மூன்றாவது முறை மேலே சொன்னவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் மருத்துவர் முன்னால் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. மருத்துவரைப் பார்க்க நேரம் கிடைப்பதே கடினமான காலம் என்பதால், கடிதம் தேவைப்படும் நாளுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே கேட்டுவிடுங்கள்.

இணையத்தில் பணம் கட்டினால் உடனே கிடைக்கும் விலக்கு அட்டைகளை வாங்க வேண்டாம். அவற்றுக்குச் சட்ட மதிப்பு இல்லை. பொய்ச் சான்று என்று வழக்கு வந்தால் சிக்கல் உங்களுக்குத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆஸ்துமா இருக்கிறது என்றாலே விலக்கு என்று பலர் நினைக்கிறார்கள். நோய் கட்டுப்பாட்டில் இருந்தால் பெரும்பாலானோரால் அணிய முடியும்; ஆக்சிஜனும் கார்பன் டைஆக்சைடும் துணியின் இடைவெளிகளைவிட மிக மிகச் சிறிய மூலக்கூறுகள் என்பதால் தடையின்றிப் போய்வரும். நுரையீரல் நோய் உள்ளவர்கள் தொற்றால் அதிகம் பாதிக்கப்படக்கூடியவர்களும்கூட. ஆகவே விலக்கு கேட்கும் முன், எந்த வகையை அணிய முடியும் என்று மருத்துவரோடு பேசிப் பாருங்கள். என் தந்தைக்கு இறுதியில் விலக்குக் கடிதம் தேவைப்படவில்லை. மூக்குக்கு முன்னால் சற்று இடம் விட்டுக் கூரையாக நிற்கும் வடிவம் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

காது கேளாதவர்கள் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வதால், அவர்களோடு பேசுபவர் முகக்கவசத்தை இறக்கவோ வாய்ப்பகுதி தெரியும் வகையை அணியவோ பல ஆணைகள் இடம் தருகின்றன. நீங்கள் அப்படி ஒருவருடன் போகிறீர்கள் என்றால், அந்த வரியை அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். முன்வரிசை ஊழியர்கள் பலருக்கு அப்படி ஒரு வரி இருப்பதே தெரியாது.

6. செலவைக் கணக்குப் போடுங்கள்

விலையைத் தனியாகப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஒருமுறை அணிய எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். துணி முகக்கவசம் தொடக்கத்தில் செலவு போலத் தெரிந்தாலும் பல முறை துவைக்கலாம். அதற்கு நாள்தோறும் சோப்பும், முடிந்தால் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் தண்ணீரும் வேண்டும், ஆளுக்குக் குறைந்தது மூன்று இருந்தால்தான் ஒன்று காயும்போது மற்றொன்றை அணிய முடியும். சர்ஜிக்கல் வகை மலிவு, ஆனால் ஒருமுறைக்கு மட்டும். வெளியே சென்று வருவது நாள் முழுவதும் என்றால் ஆளுக்கு இரண்டு என்று கணக்கிடுங்கள்.

என்95 வகையைப் பொதுமக்கள் கவனமாகத் திரும்ப அணியலாம். ஐந்து காகிதப் பைகளில் நாட்களின் பெயரை எழுதி, ஒவ்வொரு நாளும் ஒன்று என மாற்றி மாற்றி அணிந்து, கழற்றியதும் பைக்குள் வைத்துக் காயவிடுவது நான் பின்பற்றும் முறை. பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கும், அதனால் காகிதமே நல்லது. தட்டுப்பாடு இருந்த நாட்களில் சுகாதாரப் பணியாளர்களுக்கு ஒன்றை ஐந்து முறைக்கு மேல் அணிய வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்னது. நானும் அதையே எல்லையாக வைத்திருக்கிறேன். பட்டை தளர்ந்தாலோ, நனைந்தாலோ, மூச்சு விடக் கடினமானாலோ எண்ணிக்கை பார்க்காமல் தூக்கி எறிந்துவிடுங்கள்.

இதைத் துவைக்கவோ, சானிடைசர் தெளிக்கவோ, வேக வைக்கவோ கூடாது. இதன் நடு அடுக்கில் நிலைமின்சாரம் ஏற்றிய நுண்ணிழைகள் இருக்கின்றன. துகள்களை ஈர்த்துப் பிடிப்பது அந்த மின்னேற்றம்தான். ஆல்கஹாலும் சோப்பும் அதை அழித்துவிடும். பார்க்கப் புதிதுபோலச் சுத்தமாகவே இருக்கும், ஆனால் வடிகட்டும் வேலை போய்விட்டிருக்கும். இதைத் தெரியாமல் ஒரு வாரத்துக்கான அத்தனையையும் துவைத்துக் கொடியில் காயப்போட்டவர்களை நான் அறிவேன்.

7. போகும் நாளில் என்ன செய்வது

கையோடு எடுத்துச் செல்ல வேண்டியவை: ஆளுக்கு ஒரு மாற்று முகக்கவசம் பிரிக்காத உறையில், ஒரு காகிதப் பை, கைச் சுத்திகரிப்பான், தேவையானால் விலக்குக் கடிதத்தின் மூலமும் நகலும். உள்ளே போகும் முன்பே அணிந்துகொள்ளுங்கள். கதவருகே கூட்டத்தில் நின்று பட்டைகளோடு மல்லாடுவது யாருக்கும் நல்லதல்ல. வழக்கமான நேரத்தைவிட இருபது நிமிடம் முன்னதாகப் போனால், வாசலில் ஏதாவது சொன்னாலும் சரிசெய்துகொள்ள முடியும். சில மருத்துவமனைகள் நீங்கள் அணிந்து வந்ததைக் கழற்றச் சொல்லித் தாங்களே புதியது தருவார்கள்; அதற்குக் கோபப்பட வேண்டாம், உங்களுடையதைக் காகிதப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடையாளம் பார்க்க முகத்தைக் காட்டச் சொன்னால், ஓர் அடி பின்னால் நகர்ந்து, மூச்சைச் சற்று நிறுத்தி, பட்டையைப் பிடித்து இறக்கிக் காட்டி உடனே ஏற்றிக்கொள்ளுங்கள். முன்பக்கத் துணியைத் தொடாதீர்கள். தாடைக்குக் கீழே இறக்கிவிட்டுப் பேசுவதும், மூக்கை வெளியே விட்டு வாயை மட்டும் மூடுவதும் அணியாததற்குச் சமம். அபராதம் விதிக்கும் இடங்களில் சட்டத்தின் கண்ணிலும் அப்படித்தான்.

தொலைவில் நின்றால் கழற்றிக்கொள்ளலாம் என்று பலர் நம்புகிறார்கள். வெளியில் அது பொருந்தலாம்; காற்றோட்டம் குறைந்த அறையில் பொருந்தாது. பேசும்போதும் பாடும்போதும் வெளியேறும் மிகச் சிறிய துளிகள் தரையில் விழாமல் புகைபோல மிதந்து, மூடிய அறை முழுவதும் பரவி நெடுநேரம் நிற்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 டிசம்பர் வழிகாட்டுதல், காற்றோட்டம் போதாத அறையிலும் அது போதுமா என்று தெரியாத அறையிலும், இடைவெளி எவ்வளவு இருந்தாலும் அணியச் சொன்னது. காலியான காத்திருப்பு அறைக்கும் இது பொருந்தும். உங்களுக்கு முன் அங்கே இருந்தவரின் மூச்சு இன்னும் அங்கே இருக்கலாம்.

அறையின் காற்றை அளந்து பார்க்க விரும்புபவர்களுக்குக் கையடக்கக் கார்பன் டைஆக்சைடு மானி உதவும். பத்து லட்சம் பங்கு காற்றில் அந்த வாயு எத்தனை பங்கு என்பதை (பிபிஎம்) அது எண்ணாகக் காட்டும்; வெளிக்காற்றில் அது சுமார் 420. 800-க்குள் இருந்தால் காற்றோட்டம் நன்று. 1500-ஐத் தாண்டி நிற்குமானால் அந்த அறையில் அடுத்தவரின் மூச்சையே திரும்பத் திரும்ப உள்ளிழுக்கிறீர்கள் என்று பொருள். ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கேட்க அந்த எண் எனக்குப் பல முறை துணை நின்றிருக்கிறது, ஏனென்றால் எண்ணைக் காட்டினால் யாரும் மறுப்பதில்லை.

சாப்பிடவும் குடிக்கவும் கழற்ற வேண்டியிருந்தால் வெளியே சென்றுவிடுவது சிறந்தது. அது இயலாது என்றால் கூட்டம் எழுந்து போன பிறகு, ஜன்னலருகே, பேசாமல் சாப்பிட்டு முடித்து உடனே அணியுங்கள். நீண்ட நேரம் காத்திருக்க வேண்டிய நாளில் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது எளிய வழி.

8. தொற்று வந்து தேறிய பிறகும், விதி நீங்கிய பிறகும்

உங்களுக்கே தொற்று உறுதியானால், தனிமைக் காலம் முடிந்தவுடன் முகக்கவசக் காலமும் முடிந்துவிடுவதில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 டிசம்பர் இறுதியில் தனிமையை ஐந்து நாளாகக் குறைத்தபோது, அதைத் தொடர்ந்து மேலும் ஐந்து நாள் பிறர் அருகில் இருக்கும்போது சரியாகப் பொருந்தும் முகக்கவசம் அணியச் சொன்னது. உங்கள் நாட்டின் எண்ணிக்கை வேறாக இருக்கலாம். அறிகுறி தொடங்கிய நாளிலிருந்தா, பரிசோதனை செய்த நாளிலிருந்தா, அந்த நாள் ஒன்றாகவா பூச்சியமாகவா எண்ணப்படுகிறது என்பதை ஆணையில் பாருங்கள். பரிசோதனை முடிவின் நகலைச் சேமித்து வைத்தால் வேலைக்குத் திரும்பும்போது இந்தக் கணக்கைக் காட்டலாம்.

பொது இடங்களில் விதி நீங்கியது என்ற செய்தி வந்தாலும் மருத்துவமனைகள், முதியோர் இல்லங்கள், பொதுப் போக்குவரத்து ஆகியவற்றில் அது பெரும்பாலும் நீடிக்கும். சிங்கப்பூரில் 2022 ஆகஸ்ட் 29 அன்று பெரும்பாலான உள்ளிடங்களில் கட்டாயம் நீங்கியபோதும் பொதுப் போக்குவரத்திலும் மருத்துவ இடங்களிலும் தொடர்ந்தது. போக்குவரத்தில் அது 2023 பிப்ரவரி 13 அன்றுதான் நீங்கியது. தென் கொரியாவில் உள்ளிடக் கட்டாயம் 2023 ஜனவரி 30 அன்று பெருமளவு விலக்கப்பட்டும் பேருந்திலும் ரயிலிலும் மார்ச் 20 வரை இருந்தது. எனவே கடைசிப் பெட்டியை யாருக்காவது கொடுத்துவிட வேண்டாம். ஆளுக்குக் குறைந்தது ஐந்து, வெயில் படாத உலர்ந்த இடத்தில், உறை பிரிக்காமல் வையுங்கள். பெட்டியின் அடியில் காலாவதி நாள் இருக்கும், அதைப் பேனாவால் பெட்டியின் மேற்புறத்தில் பெரிதாக எழுதிவிடுங்கள். காலாவதியான பிறகு முதலில் கெடுவது பட்டைகளின் இழுவிசைதான். எடுத்து ஒருமுறை இழுத்துப் பார்த்து, திரும்பச் சுருங்காமல் தொய்ந்து நின்றால் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது வாங்குங்கள்.